கொல்லத் தகுந்த உயிர்: டிராகன் கதைகளும் ஓர் அறக்கேள்வியும்

என் தங்கையின் மகனுக்கு எட்டு வயது. ஒரு விடுமுறை நாள் பின்னேரம் சித்திரக் கொப்பியில் டிராகன் ஒன்றைக் கீறிக்கொண்டிருந்தான். உடலெங்கும் செதிள்கள், வௌவாலின் சிறகுகள், வாயிலிருந்து பீறிடும் நெருப்பு. நிறம் தீட்டுவதற்கு முன் என்னிடம் கேட்டான்: "மாமா, இது நல்ல டிராகனா, கெட்ட டிராகனா?" நீதானே கீறினாய், நீதான் சொல்லவேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தான். "கெட்டதெண்டா பக்கத்தில வாளோட ஒரு ஆளக் கீறணும். நல்லதெண்டா தேவல்ல" என்றான்.

சிறுவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பதில் என்னைப் பல நாட்கள் விடவில்லை. டிராகன் கெட்டது என்பதால் வாளோடு ஒருவன் வருகிறானா, அல்லது வாளோடு ஒருவன் வந்து நிற்பதால் அது கெட்டதாகிவிடுகிறதா? எந்த விசாரணையும் இல்லாமல், எந்தக் குற்றவுணர்வும் இல்லாமல் கொல்லத் தகுந்த ஓர் உயிரைக் கற்பனை செய்துகொள்ள மனிதனுக்கு ஏன் இவ்வளவு தேவை ஏற்பட்டது? அப்படியொரு உயிரைக் கதையில் படைத்துப் பழகிய மனம், கதைக்கு வெளியிலும் அதைத் தேடாதா? இவைதாம் இக்கட்டுரையின் கேள்விகள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் இந்த உயிருக்கென்று நிலைபெற்ற சொந்தப் பெயர் கிடையாது. பழைய தமிழ் விவிலியம் 'வலுசர்ப்பம்' என்றது. அரபியில் 'தின்னீன்'. பாரசீகத்தில் 'அஷ்தஹா', உருதுவிலும் அதுவே. சீனத்தில் 'லுங்'. இவை எல்லாவற்றையும் இன்று நாம் ஆங்கிலத்தின் வழியாக 'டிராகன்' என்ற ஒரே கூட்டில் அடைத்துவிட்டோம். ஆனால் இவை ஒரே பிராணி அல்ல. சீனத்தின் லுங் பெரும்பாலும் சிறகில்லாதது, மான்கொம்பு உடையது, மேகத்திலும் ஆற்றிலும் வாழ்வது, மழையைத் தருவது. விவசாயி அதற்கு அஞ்சியதைவிட அதனிடம் கேட்டதே அதிகம். மழை பொய்த்தபோது டிராகன் அரசனின் சிலையைக் கொண்டுவந்து கொளுத்தும் வெயிலில் வைத்து, எங்கள் வேதனையை நீயும் அனுபவி என்று காட்டும் வழக்கம்கூட அங்கு இருந்தது. கொல்லவேண்டிய பகையாக அல்லாமல், கடமை தவறினால் கணக்குக் கேட்கக்கூடிய அதிகாரியாக அவர்கள் அதைக் கண்டார்கள். ஐரோப்பியர் இதற்கும் டிராகன் என்றே பெயர் சூட்டினர். தம் வேதநூலின் இறுதியில் ஷைத்தானைக் குறித்த சொல்லை, இன்னொரு மக்கள் மழைக்காக வேண்டிநின்ற உயிரின்மீது போட்டனர். பெயர் போடுவது சிறிய காரியமில்லை. வாளுக்கு முன்னால் செல்வது பெயர்தான்.

வாள் வந்து நின்ற கதைகளில் உலகப் புகழ் பெற்றது புனித ஜோர்ஜின் கதை. யாக்கோபு தெ வொராஜின் 13ஆம் நூற்றாண்டில் தொகுத்த புனிதர் வரலாற்று நூலில் அது வருகிறது. இடம் லிபியாவில் சிலேன் என்ற நகரம். நகருக்கு அருகே நீர்நிலை, அதில் டிராகன். நகரத்தார் தினமும் அதற்கு இரண்டு ஆடுகளைக் கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆடுகள் குறைந்தபோது சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். ஒருநாள் சீட்டு அரசனின் மகளுக்கு விழுகிறது. பொன்னையும் பாதி ராஜ்ஜியத்தையும் எடுத்துக்கொண்டு மகளை விட்டுவிடுங்கள் என்று அரசன் மன்றாடுகிறான். எங்கள் பிள்ளைகள் செத்தபோது நீ எங்கே இருந்தாய் என்ற தொனியில் சனங்கள் மறுக்கிறார்கள். கதையில் என்னை அதிகம் வருத்தும் இடம் இதுதான். அந்த நகரத்தின் கொடுமை முழுவதும் டிராகனுடையதா? ஏழைப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக அனுப்பிவைத்த ஒழுங்கான நிர்வாகம் ஒன்று அங்கே இயங்கியிருக்கிறது. டிராகன் செத்ததும் அந்த நிர்வாகம் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜோர்ஜ் வருகிறார். ஈட்டியால் டிராகனைக் காயப்படுத்துகிறார். பிறகு இளவரசியின் இடைக்கச்சையை அதன் கழுத்தில் கட்டச் சொல்கிறார். அது பழகிய பிராணிபோல அவள் பின்னால் நடந்து நகருக்குள் வருகிறது. அங்கே வைத்து, நீங்கள் ஞானஸ்நானம் பெற்றால் இதைக் கொல்வேன் என்கிறார். அரசனும் சனங்களும் பெறுகிறார்கள். அதன் பின்னரே டிராகன் கொல்லப்படுகிறது. ஓவியங்களில் நாம் காண்பது குதிரைமேல் வீரனும் சீறும் மிருகமும். கதையிலோ கொல்லப்படும்போது அது கச்சையால் கட்டுண்டு அடங்கி நிற்கிறது. தற்காப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பின் நடந்தது வேறொரு காரியம்.

பெத்லஹேமுக்கு அருகே அல்-ஹிழ்ர் என்றொரு பலஸ்தீனக் கிராமம் இருக்கிறது. அங்கே ஜோர்ஜின் பெயரால் ஓர் ஆலயம். பலஸ்தீன முஸ்லிம்கள் அவரை ஹிழ்ர் (அலை) அவர்களோடு இணைத்துப் பேசுவார்கள். இரு சமயத்தவரும் அங்கே போவதுண்டு. இந்த இணைப்பு எனக்கு வேறொன்றை நினைவூட்டுகிறது. சூறா கஹ்பில் மூஸா நபி (அலை) சந்திக்கும் அடியாரை நம் விரிவுரையாளர்கள் ஹிழ்ர் என்பார்கள். அவர் ஒரு சிறுவனைக் கொல்லும்போது மூஸா மௌனமாக இருக்கவில்லை. பொறுமையாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தும் எதிர்த்துக் கேட்டார். பதிலாக விளக்கம் தரப்பட்டது. என் சுயவிருப்பத்தால் செய்யவில்லை என்ற வாக்குமூலமும் தரப்பட்டது. இறைவனின் கட்டளையால் நிகழ்ந்த ஒன்றுக்கே கேள்வி எழுந்தது, அந்தக் கேள்வியும் வேதத்தில் பதியப்பட்டது. சிலேன் நகரத்துக் கதையில் கேள்வி கேட்க ஒரு மூஸா இல்லை. டிராகன் கதைகளின் பெருங்குறை இதுவென்று நான் நினைக்கிறேன்.

வடஐரோப்பியக் கதைகளின் டிராகன் வேறு வகையானது. அது புதையலின்மேல் படுத்திருப்பது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கையெழுத்துப் பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கும் 'பேவுல்ஃப்' காவியத்தில், முந்நூறு ஆண்டுகளாக யாருக்கும் தொல்லை தராமல் புதையலைக் காத்துக் கிடந்த டிராகன், ஒருவன் அதிலிருந்து ஒரு கிண்ணத்தைத் திருடியதால் எழுந்து ஊரை எரிக்கிறது. முதிய அரசன் பேவுல்ஃப் அதைக் கொன்று தானும் சாகிறான். பொன் அவனோடு சேர்த்துப் புதைக்கப்படுகிறது. முன்பு எப்படி யாருக்கும் பயனில்லாமல் கிடந்ததோ அப்படியே மீண்டும் மண்ணுக்குள் போகிறது. இதே மரபின் ஃபாஃப்னிர், பிறப்பால் டிராகன் அல்லன். பொன்னுக்காகத் தந்தையைக் கொன்று, அதைக் காத்துக் காத்து அப்படி ஆனவன். தன்னைக் குத்திய சிகுர்துவிடம், இந்தப் பொன் உன்னையும் கொல்லும் என்று சொல்லிவிட்டுச் சாகிறான். அது பலிக்கிறது.

இந்த மரபை நன்கு கற்றறிந்த பேராசிரியர் டொல்கீன் 1937இல் 'ஹொபிட்' நாவலை எழுதியபோது அதிலும் ஒரு கிண்ணம் திருடப்படுகிறது, ஸ்மௌக் என்ற டிராகன் எழுகிறது, ஓர் அம்பினால் சாகிறது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. காவலின்றிக் கிடக்கும் பொன்னுக்காக நேற்றுவரை நல்லவர்களாக இருந்தோர் படை திரட்டுகிறார்கள். நாட்டை மீட்க வந்த தோரின் பங்கு தர மறுத்து மதிலுக்குள் அடைந்துகொள்கிறான். ஏரி நகரத்தின் தலைவன், எரிந்த ஊரைக் கட்டியெழுப்பத் தந்த பொன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பாழ்நிலத்தில் பட்டினியால் சாகிறான். டொல்கீன் இதை ஒரு நோயாகவே காட்டுகிறார். டிராகனைக் கொன்றுவிடலாம், அது படுத்துக்கிடந்த இடம் காலியாக இருக்கிறது, அங்கே யார் படுப்பது என்பதுதான் கேள்வி. அவரது நண்பர் சி. எஸ். லூயிஸ் 1952இல் எழுதிய சிறுவர் நாவல் ஒன்றில் யூஸ்டஸ் என்ற பையன் புதையலின்மேல் பேராசையோடு உறங்கி, விழிக்கும்போது டிராகனாக இருக்கிறான். தன் தோலைத் தானே உரித்துப் பார்க்கிறான். ஒவ்வொரு தோலுக்கும் கீழே இன்னொரு தோல்.

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்து நிற்கிறார். ஜலாலுத்தீன் றூமி தமது மஸ்னவியின் மூன்றாம் பாகத்தில் ஒரு பாம்புபிடிகாரனின் கதையைச் சொல்கிறார். அவன் பனிமலையில் பாம்பு தேடிப் போய், குளிரில் விறைத்துக் கிடந்த மாபெரும் அஷ்தஹாவைக் காண்கிறான். செத்துவிட்டதென்று நம்பிக் கயிறுகளால் கட்டி இழுத்து பக்தாதுக்குக் கொண்டுவருகிறான். நானே கஷ்டப்பட்டுப் பிடித்தேன் என்று பெருமை பேசுகிறான். திஜ்லா நதிக்கரையில் சனம் கூடுகிறது. இன்னும் கொஞ்சம் கூட்டம் சேரட்டும், இன்னும் கொஞ்சம் காசு சேரட்டும் என்று காத்திருக்கிறான். ஈராக்கின் வெயில் மெல்ல மெல்ல அதன் உடலை உருக்குகிறது. அது அசைகிறது. கட்டுகள் அறுகின்றன. ஓடுகிற சனம் ஒன்றையொன்று மிதித்துச் சாகிறது. பாம்புபிடிகாரனை அது விழுங்குகிறது. உன் நப்ஸ்தான் அந்த அஷ்தஹா, அது சாகவில்லை, வசதி இல்லாததால் விறைத்துக் கிடக்கிறது, பிர்அவ்னின் அதிகாரம் கிடைத்தால் அதுவும் பிர்அவ்னின் வேலையைச் செய்யும் என்ற கருத்தில் றூமி கதையை முடிக்கிறார்.

றூமியின் டிராகன் தோற்றத்தால் ஆபத்தானதல்ல. அதை ஒருவன் தன் பெருமைக்காக ஊருக்குள் இழுத்து வந்ததுதான் ஆபத்து. இன்றைய புனைவில் இதற்கு நெருங்கிய காட்சி ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் உண்டு. டெனேரிஸ் என்ற இளம் அரசி தன் மூன்று டிராகன்களைப் பிள்ளைகள் என்றே அழைக்கிறாள். அடிமைகளை விடுவிக்க அவை அவளுக்கு உதவின. 2011இல் வெளிவந்த ஐந்தாம் நாவலில், ஒரு ஏழைத் தகப்பன் அவள் முன் வந்து ஒரு சாக்கை விரிக்கிறான். உள்ளே எரிந்துபோன எலும்புகள், அவனுடைய சின்ன மகளுடையவை. நியாயமான போரின் ஆயுதம் ஒரு குழந்தையை எரித்திருக்கிறது. அரசி இரண்டு டிராகன்களைச் சங்கிலியிட்டு அடைக்கிறாள், மூன்றாவது பிடிபடவில்லை. நமது டிராகன் என்பதால் அது நல்ல டிராகன் ஆகிவிடாது என்று அந்த எலும்புகள் சொல்கின்றன.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். எல்லா டிராகன்களையும் பாவம், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவை என்று சொல்லிவிட்டால் கொடுமை என்ற ஒன்றே இல்லையென்று ஆகிவிடாதா? பாதிக்கப்பட்டவனிடம் போய், உன்னை எரித்தவனின் பக்கத்து நியாயத்தையும் கேள் என்பது இன்னொரு கொடுமையல்லவா? கென்னத் கிரகாம் 1898இல் எழுதிய ஒரு கதையில் கவிதை எழுதும் சாதுவான டிராகனும் புனித ஜோர்ஜும் ஒரு சிறுவனின் ஏற்பாட்டில் பொய்ச் சண்டை போடுகிறார்கள். சண்டை தேவைப்பட்டது ஊர்ச்சனத்துக்குத்தான். அழகான கதை. ஆனால் உலகத்தின் எல்லாக் கொடுமையும் அப்படிப்பட்ட சாதுவான டிராகன் அல்ல.

இந்த ஆட்சேபத்துக்கு பிர்தௌஸி 1010இல் நிறைவுசெய்த ஷாநாமாவில் பதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதில் வரும் ளஹ்ஹாக் ஒரு மனித அரசன். அவனுக்கு முன்னோடி, பண்டைய ஈரானிய வேதமான அவெஸ்தாவில் வரும் அஷி தஹாக்க என்ற மூன்று தலை நாகம். பிர்தௌஸி அந்த நாகத்தை மனிதனாக்கினார். இப்லீஸ் அவனைத் தூண்டித் தந்தையைக் கொல்ல வைக்கிறான். பிறகு சமையற்காரனாக வந்து தோள்களில் முத்தமிட்டு மறைகிறான். இரண்டு தோள்களிலும் கரும்பாம்புகள் முளைக்கின்றன. வைத்தியனாக மீண்டும் வந்து, இவற்றுக்கு மனித மூளையைக் கொடு என்கிறான். தினமும் இரு இளைஞர்கள் கொல்லப்படுகிறார்கள். அரண்மனைக்குள் சமையற்காரர்களாகச் சேர்ந்த இரண்டு நல்ல மனிதர்கள், ஒருவனுடைய மூளையோடு ஆட்டு மூளையைக் கலந்து சமைத்து, மற்றவனை இரகசியமாகத் தப்பவிடுகிறார்கள். மாதத்துக்கு முப்பது பேர் பிழைக்கிறார்கள். மற்ற முப்பது பேரைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை. அந்தச் சமையலறையில் நின்ற இருவரின் இரவுகளை நினைத்துப் பார்க்கிறேன். வாளேந்திய எந்த வீரனைவிடவும் அவர்கள் எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

பின்னர் ஒருநாள் ளஹ்ஹாக், தான் நீதியான அரசன் என்று பெரியவர்களிடம் ஒப்பம் வாங்குகிறான். அந்த நேரத்தில் கொல்லன் காவே சபைக்குள் வருகிறான். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பறிகொடுத்து, மிஞ்சிய ஒருவனையும் கேட்டு நிற்பவன். மகனை விட்டுவிட்டு, அவனையும் ஒப்பமிடச் சொல்கிறார்கள். காவே அந்தப் பத்திரத்தைக் கிழித்தெறிந்து வெளியேறித் தன் தோல் முன்றானையை ஈட்டியில் கட்டிக் கொடியாக உயர்த்துகிறான். இங்கே ளஹ்ஹாக்கைக் கொடியவன் என்று தீர்மானித்தது அவன் தோற்றமல்ல. பிள்ளையை இழந்தவனின் சாட்சியம், பெயர் சொல்லக்கூடிய மரணங்கள், கிழிக்கப்பட்ட ஒரு பொய்ப்பத்திரம். இறுதியில் பரீதூன் அவனை வெல்லும்போதும் வானவர் ஒருவர் குறுக்கிட்டுக் கொல்லாதே, கட்டிவை என்கிறார். தமாவந்த் மலையில் அவன் கட்டப்படுகிறான். கொடுமையை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் உருவத்தைப் பார்த்துக் கொடியவன் என்பதற்கும் செயலைப் பார்த்துக் கொடியவன் என்பதற்கும் இடையில் நீதி முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதை எழுதும்போது நம் நாட்டை மறந்துவிட்டு எழுத என்னால் முடியவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உணவில் கிடந்த ஒரு கட்டி மலட்டு மாத்திரை என்று சொல்லப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. மாவு மாத்திரையாகத் தெரிவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரன் டிராகனாகக் கீறப்பட்டிருந்தான். அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று நம் பெயர்களைத் தாங்கியவர்கள் ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். அந்த வெறுப்பு ஒரே நாளில் முளைத்ததல்ல. விறைத்துக் கிடந்ததாக நினைத்த ஒன்றை, கூட்டம் சேர்க்கும் ஆசையில் யாரோ நம் திண்ணைவரை இழுத்து வந்தார்கள். நாமும் சுற்றி நின்று பார்த்தோம். அதன் பிறகு, ஒரு பாவமும் அறியாத சனங்கள் எல்லோரும் மீண்டும் டிராகனாக்கப்பட்டார்கள். டிராகனாகக் கீறப்பட்டவர்களுக்கு இரண்டு கடமைகள் உண்டு என்று எனக்குப் படுகிறது. நாம் அதுவல்ல என்று சொல்வது ஒன்று. நம் கையிலுள்ள தூரிகையையும் நம் கயிற்றில் கட்டுண்டு கிடப்பதையும் பார்த்துக்கொள்வது மற்றது. முதலாவதை நாம் நன்றாகச் செய்கிறோம்.

டிராகனோடு பேசிய கதைகளும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 1968ஆம் ஆண்டு நாவலில் கெட் என்ற இளம் மந்திரவாதி ஒரு மூத்த டிராகனின் உண்மைப் பெயரை அறிந்து, அதைச் சொல்லி அதனோடு உடன்படிக்கை செய்துகொள்கிறான். அங்கே பெயர் என்பது மேலே போடப்படுவதல்ல, தேடிக் கண்டடையப்படுவது. அதே வரிசையில் 1990இலும் 2001இலும் வந்த நாவல்களில், மனிதர்களும் டிராகன்களும் ஒருகாலத்தில் ஒரே இனமாக இருந்தவர்கள், உடைமையைத் தேர்ந்தவர்கள் மனிதராகவும் சுதந்திரத்தைத் தேர்ந்தவர்கள் டிராகனாகவும் பிரிந்தார்கள் என்று அவர் எழுதினார். முதல் நாவலில் எதிரில் நின்ற உயிர், முப்பது ஆண்டுகள் எழுதிய பின் உறவாகிவிட்டது.

மீண்டும் ஷாநாமாவுக்கு வருகிறேன். ளஹ்ஹாக்கை வென்ற அதே பரீதூன், தன் மூன்று புதல்வர்களைச் சோதிக்கத் தானே ஒரு டிராகனாக உருமாறி வழியில் நிற்கிறான். மூத்தவன் சல்ம், அறிவுள்ளவன் டிராகனோடு மோதமாட்டான் என்று விலகி ஓடுகிறான். இரண்டாமவன் தூர் வில்லை வளைக்கிறான். இளையவன் ஈரஜ் மட்டும் முன்னால் வந்து அதனோடு பேசுகிறான். நாங்கள் இன்னாருடைய பிள்ளைகள், வழியை விட்டு விலகு என்கிறான். அவன் அஞ்சி ஓடவில்லை, அம்பையும் எடுக்கவில்லை. எதிரே நின்றது தன் தந்தை என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாமலேயே அவன் பேசினான். வில்லெடுத்த அண்ணனின் அம்பு புறப்பட்டிருந்தால் அது தந்தையின் மார்பில் பாய்ந்திருக்கும்.

ஈரஜுக்கு நல்ல முடிவு கிடைத்தது என்று சொல்லி இக்கட்டுரையை முடிக்க எனக்கு ஆசை. காவியம் அப்படிச் சொல்லவில்லை. அவனுக்குக் கிடைத்த பங்கின்மேல் பொறாமை கொண்ட சல்மும் தூரும் பின்னர் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஆயுதம் இல்லாமல் சமாதானம் பேசப் போன இடத்தில் அது நடக்கிறது. டிராகனின் வாயிலிருந்து தப்பியவன் சகோதரர்களின் கையில் செத்தான். பேசுவது பாதுகாப்பான வழியென்று பிர்தௌஸி நமக்கு வாக்குறுதி தரவில்லை. எதிரே நிற்பது யாரென்று தெரியாத வேளையில் மனிதனுக்குத் தகுந்த வழி எது என்பதை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார்.

தங்கையின் மகன் அன்று வாளோடு ஆளைக் கீறவில்லை. நிறமும் தீட்டவில்லை. கொப்பியை மூடிவைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். அந்தப் பக்கத்தில் டிராகனுக்குப் பக்கத்து வெற்றிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்தமுறை அவன் கேட்டால், அங்கே ஒரு ஆளைக் கீறு, ஆனால் அவன் கையில் எதையும் கொடுக்காதே, முதலில் அவன் என்ன கேட்கிறான் என்று பார்ப்போம் என்று சொல்ல வைத்திருக்கிறேன்.